அல்லிவாக்கத்து இலுப்பை நிழல்

அல்லிவாக்கம் ஏரிக்கரை நகர்ப் பூங்காவின் கிழக்கு மூலையில் பட்டுப்போய் நின்ற இலுப்பை மரத்தை நகராட்சி ஆட்கள் மூன்று நாள் அறுத்து, நான்கு லாரிகளில் ஏற்றி, அடித்தூரையும் தோண்டி எடுத்து, குழியை மண் கொட்டி மூடிவிட்டுப் போன மறுநாள் காலை, மரத்தின் நிழல் மட்டும் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான இடத்தில் வந்து விழுந்தது. கடைசி நாட்களில் மரம் நின்ற மொட்டைக் கோலத்து நிழல் அல்ல அது. இலை அடர்ந்து, கிளைக்குக் கிளை நாரைக் கூடு வைத்து, கூட்டுக்குக் கூடு குஞ்சுகள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த நல்ல காலத்து நிழல். காற்றடித்தால் அசைந்தது. தாய் நாரையின் நிழல் ஏரிப் பக்கமிருந்து தரையோடு தரையாக வந்து கூட்டின் நிழலில் இறங்கியது, குஞ்சின் நிழல் வாயைத் திறந்தது, நிமிர்ந்து பார்த்தால் மேலே வெறும் வானம்தான் இருந்தது.

முதலில் பார்த்தவர்கள் நடைப்பயிற்சிக்காரர்கள். பார்த்தார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. வெயிலில் வந்தவர்கள் நிழலுக்குள் நுழைந்தார்கள், உடம்பு குளிர்ந்தது, அந்தப் பக்கம் வெளியே வந்து மறுபடி வியர்த்தார்கள், பத்தாயிரம் அடி முடியாமல் நின்றால் கைக்கடிகாரம் கோபித்துக்கொள்ளும் என்பதால் யாரும் நிற்கவில்லை. மூன்றாவது சுற்றில்தான் குடியிருப்போர் சங்கத்துப் பொருளாளர் தேவசகாயம், "இங்க மரம் இல்லையே?" என்றார். கூட நடந்த பல் டாக்டர், "நேத்தே எடுத்துட்டாங்களே சார்" என்றார். இருவரும் நான்காவது சுற்றுக்குப் போனார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன் நாற்பது வீடும் நாலாயிரம் தவளையுமாக இருந்த இடம் அது. பிறகு தார்ச்சாலை வந்தது, மினி பஸ் வந்தது, ஏ.டி.எம். வந்தது, ஏரியைச் சுற்றி நடைபாதையும் அதன் ஓரத்தில் இரும்பு உடற்பயிற்சிக் கருவிகளும் வந்தன, இரண்டு சூப்பர் மார்க்கெட்டுகள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. எது வந்தாலும் அந்த ஊர் முதல் வாரம் புகார் சொல்லும், இரண்டாம் வாரம் வரிசையில் நிற்கும், மூன்றாம் வாரம் அது ஒரு நாள் இல்லாவிட்டால் சண்டைக்கு வரும். நிழலுக்கும் அப்படியே நடந்தது. மரமில்லாத நிழல் எந்தத் திசை வீட்டுக்கு ஆகாது என்று வாட்ஸ்அப் குழுவில் நாலு நாள் விவாதம் ஓடியது. நகராட்சிப் பொறியாளர் ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்து, இதை எழுதப் படிவத்தில் இடமில்லை என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். கும்பிட வந்த பெண்கள் சிலர் மஞ்சள் துணியைக் கட்ட எதுவும் அகப்படாமல் கையிலேயே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் பழகிவிட்டது. காலையில் நிழல் மேற்கே பூங்காவுக்குள் விழும்போது வயதானவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது நகர நகர நாற்காலியையும் நகர்த்திக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல் அது கிழக்கே தெருவுக்கு வந்ததும் கார் நிறுத்த முறை வைத்தார்கள். முறை தவறியதாக இரண்டு வீட்டுக்காரர்கள் இன்றுவரை பேசுவதில்லை. மேகம் மூடினால், "இன்னிக்கு நிழல் கட்டா?" என்று சங்க அலுவலகத்துக்குப் போன் வந்தது. பக்கத்து வயலில் மனை போட்டவர்கள் வண்ணத் தாளில் ஏரி, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று வரிசையாகப் போட்டு, அதன் கீழே 'இலை கொட்டாத, எச்சம் விழாத இயற்கை நிழல்' என்றும் அச்சடித்தார்கள். ஊரில் ஒருவருக்கும் அது அதிசயமாக இல்லை, ஒருத்தியைத் தவிர. அவளுக்கும் அது அதிசயமாக இல்லை, பயமாக இருந்தது.

அவள் சங்கச் செயலாளர் மங்கையர்க்கரசி. அவள் வீடு பூங்காவுக்கு நேர் கிழக்கே, தெருவுக்கு எதிர்ப்பக்கம். திருச்சிப் பக்கத்துச் சைவக் குடும்பம். முட்டை சேர்த்த கேக் என்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிற வீடு. அப்பேர்ப்பட்டவள் மொட்டை மாடியில் வேட்டியை விரித்துக் கூழ்வடாம் பிழிந்து வைத்துவிட்டு இறங்கினால், திரும்ப ஏறிப் பார்க்கும்போது நடுவில் பாதி தின்ற கெண்டை மீன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். மகன் நிச்சயதார்த்தத்தன்று வாசலில் இறங்கிய சம்பந்தியம்மாளின் அரக்குப் பட்டில் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு நாரை தன் வேலையைக் காட்டிவிட்டுப் போனது. மங்கையர்க்கரசி மனுப் போட்டாள். பச்சை மரம், அதுவும் பறவை கூடு கட்டும் மரம், வெட்ட அனுமதியில்லை, பட்டுப்போனால் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைத் திருச்சியில் இருக்கும் நாத்தனாருக்குப் போனில் படித்துக் காட்டினாள். நாத்தனார், "அப்போ பட்டுப்போகட்டும். ஓட்டை போட்டுப் பெருங்காயத்தை வச்சு அடைச்சிடு மங்கை. பச்சை மரத்தை வெட்டினாத்தானே பாவம்? நாம எங்க வெட்டினோம்?" என்றாள். மங்கையர்க்கரசிக்குப் பிடித்துப்போனது அந்தக் கடைசி வார்த்தைதான். வெள்ளிக்கிழமையில் ஒரு வாழையிலைகூட நறுக்கமாட்டாள் அவள். பெருங்காயம் என்பது ரசத்துக்குப் போடுகிற சாமான், விரத நாளில்கூடச் சேர்ப்பது, அதில் போய் என்ன பாவம் இருந்துவிடப்போகிறது என்று நினைத்தாள்.

ஒரு மாசி மாத மத்தியானம், கணவர் தாயுமானவன் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், சுவரில் படம் மாட்டுவதற்காக வாங்கிய டிரில்லை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். பூங்கா மோட்டார் அறைச் சாவி செயலாளர் என்ற முறையில் அவளிடம்தான் இருந்தது; அங்கிருந்து வயரை இழுத்தாள். மரத்தடியில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர் கன்னியப்பன் சோறு தின்னப் போயிருந்தார். இடுப்பு உயரத்தில் மூன்று ஓட்டை போட்டு, கட்டிப் பெருங்காயத்தை உடைத்துத் திணித்து, மேலே களிமண்ணைப் பூசி, வந்த வழியே திரும்பினாள். மொத்தம் இருபது நிமிஷம். கை இரண்டு நாள் மணத்தது.

பங்குனி முடிவதற்குள் இலை முழுக்கக் கொட்டிவிட்டது. மறைப்பு இல்லாமல் போன கூடுகளில் வெயில் நேராக இறங்கியது. குஞ்சுகள் தாளமாட்டாமல் தத்தளித்து, ஒன்றன் பின் ஒன்றாகக் கீழே விழுந்தன. முழுதாக இறகு முளைக்காத குஞ்சுகள், விழும்போது சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. மங்கையர்க்கரசி மரத்தைப் பற்றித்தான் யோசித்திருந்தாள். குஞ்சுகளைப் பற்றி யோசிக்கவே இல்லை. மாடியில் நின்று பார்த்தவள் கீழே இறங்கி, அதன்பின் ஒரு மாதம் மாடிக்குப் போகவில்லை. விழுந்ததையெல்லாம் பழைய வேட்டியில் பொறுக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் குழி தோண்டிப் புதைத்தது கன்னியப்பன்.

மரம் ஏன் பட்டது என்ற பேச்சு எழுந்தபோது, யாரோ இஸ்திரி வண்டிச் சாம்பலைக் கை காட்டினார்கள். நாலு வருஷமாகக் கன்னியப்பன் அணைந்த கரியையும் சாம்பலையும் மரத்தடியில்தான் கொட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது, பிடித்துக்கொண்டது. சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, வண்டியை ஒரு வாரத்தில் எடுக்கும்படி நோட்டீஸ் எழுதினார்கள். எழுதியவள் மங்கையர்க்கரசி. கையெழுத்தும் அவளுடையதே. கன்னியப்பன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நாயந்தாம்மா. எங்கைதான் கொன்னுடுச்சு" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல அவளுக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் அலுவலக ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டுக்கொண்டிருந்தாள்.

இதுதான் விஷயம். ஆகவே ஆவணியில் மரத்தை எடுத்துப் போன மறுநாள் நிழல் வந்து நின்றபோது, எல்லோரும் இலையைப் பார்த்தார்கள், கூட்டைப் பார்த்தார்கள், அவள் மட்டும் அடிமரத்தைப் பார்த்தாள். அடிமரத்தின் நிழலில் மூன்று சின்ன வெளிச்சப் புள்ளிகள் இருந்தன. மரங்கொத்தி போட்ட பொந்து என்று தேவசகாயம் விளக்கம் சொன்னார். மங்கையர்க்கரசி அழகுக்காக என்று மூன்று சிமெண்டுத் தொட்டிகளை வாங்கி அந்த இடத்தில் வைத்தாள். வெளிச்சம் தொட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பொழுது சாயும் நேரத்தில் நிழல் நீண்டு தெருவைத் தாண்டும்போது அந்த மூன்று புள்ளிகளும் நேரே வந்து அவள் வீட்டு கேட்டில் நின்றன. அவள் அந்த நேரத்தில் சமையலறையில் வேலை வைத்துக்கொண்டாள். ரசத்துக்குப் பெருங்காயம் போடுவதை நிறுத்திவிட்டாள். தாயுமானவன் இரண்டு நாள் முகம் சுளித்துவிட்டு அதற்கும் பழகிக்கொண்டார்.

இஸ்திரி இல்லாமல் ஊர் கசங்கிப்போனதால், கார்த்திகையில் சங்கமே ஆள் அனுப்பிக் கன்னியப்பனைத் திரும்பக் கூப்பிட்டது. இப்போது கெடுப்பதற்கு மரமும் இல்லை, நிழலில் தாராளமாக நிற்கலாம் என்றார்கள். அவர் வந்தார். ஆனால் வண்டியை நிழலுக்குள் விடவில்லை. ஒரு முழம் தள்ளி வெயிலில் போட்டார். நிழல் அவர் பக்கம் நகர்ந்தால், எரிகிற கரிப்பெட்டியோடு வண்டியைத் தள்ளி மறுபடி ஒரு முழம் இடைவெளி விட்டார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தரம் தள்ளினார். பெரியவருக்குப் பிடிவாதம் என்று ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. சிலர் அவர் வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்து நேரம் சொல்லவும் பழகிவிட்டார்கள். மங்கையர்க்கரசி துணியை வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பினாள், தான் போகவில்லை.

மறுவருஷம் அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள், பதினொன்றரை மணிக்கு, கன்னியப்பன் பல் டாக்டரின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கால் மடங்கி விழுந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் ஓடிவந்து தூக்கி நிழலில் கிடத்தி, தண்ணீர் தெளித்தார்கள். பக்கத்துச் சங்க அலுவலகத்தில் இருந்த மங்கையர்க்கரசி ஒரு சொம்பு மோரும் டம்ளருமாக வந்தாள். கண் திறந்த கன்னியப்பன் தன் மார்பின் மேல் இலை நிழல் ஆடுவதைப் பார்த்தார். பார்த்ததும், பிடித்திருந்த கைகளையெல்லாம் விலக்கிவிட்டு, முட்டி போட்டுத் தவழ்ந்து வெயிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டுத் தங்கள் நாற்காலிகளுக்குத் திரும்பினார்கள். மங்கையர்க்கரசிக்குத் திரும்ப முடியவில்லை. அவளும் வெயிலில் போய் நின்று மோரை ஊற்றிக் கொடுத்தாள்.

"ஏன் கன்னியப்பன் இப்படிப் பண்றீங்க? ஊரே உக்காந்திருக்கு. உங்களுக்கு மட்டும் என்ன?"

"அவங்க உக்காரலாம்மா. நான் எந்த மூஞ்சிய வச்சினு உக்கார்றது?"

"ஒரு மரத்துக்காகவா?"

"மரம்னா மரத்தோட போயிருக்கும்." அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எம்பொண்ணு பொற்கொடி தெரியுமில்ல, மதுராந்தகத்தாண்ட குடுத்திருக்கேன். அந்த குஞ்சுங்க விழுந்தப்போ நம்ம ஊட்டுக்கு வந்திருந்துச்சு, எனக்கு சோறு எடுத்துனு வந்துச்சு. ஆறு மாசம் அப்போ. நின்னுனு இருக்கு, அதுங்காலாண்டயே ஒண்ணு விழுந்துச்சு. துடிச்சுது. அடுத்த மாசம் எம்பொண்ணுக்கு வலி வந்துடுச்சு. பொறந்தது அழுவல. மாமியாக்காரி சொல்லிட்டா, உங்கப்பன் கொன்ன குஞ்சுங்க பாவம்டி இதுன்னு. எம்பொண்ணும் அதான் சொல்லுது. வருசம் ஆச்சு, நான் போய் வாசல்ல நின்னா கதவ சாத்திக்குது. அதுமேல தப்பில்லம்மா. எனக்கே அப்பிடித்தான் தோணுது."

இத்தனை மாதமாக மங்கையர்க்கரசிக்குக் கேட்டில் மூன்று புள்ளி, அவ்வளவுதான் தண்டனை. இவருக்கு மகள் போய்விட்டாள். இப்போதும் சொல்லாமல் இருக்கலாம். மோர் தீர்ந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. சொல்லாமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"சாம்பல் இல்ல கன்னியப்பன். நான்தான்" என்றாள்.

அவர் சிரித்தார். "எம்மனசு ஆறணும்னு சொல்றீங்க. உங்களுக்குப் பெரிய மனசும்மா."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவள் மத்தியானத்தைச் சொன்னாள், டிரில்லைச் சொன்னாள், பெருங்காயத்தைச் சொன்னாள், மோட்டார் அறையிலிருந்து வயர் இழுத்ததைச் சொன்னாள். கன்னியப்பனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஆறு மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த மூன்று புள்ளிகளைத் திரும்பிப் பார்த்தார். டம்ளரில் பாதி மோர் இருந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டார்.

"மூணு எடத்துலயா" என்று மட்டும் கேட்டார்.

"என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"சங்கத்துல சொல்லி எனக்கு என்னாம்மா ஆவணும்? எம்பொண்ணாண்ட வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை தாயுமானவனிடம் கோயிலுக்கு என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மினி பஸ், அதன்பின் ஒரு பெரிய பஸ், இறங்கி ஒரு மைல் நடை. பஸ்ஸில் கன்னியப்பன் பின்னால் உட்கார்ந்தார். மங்கையர்க்கரசி சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கதவு திறக்கும், அப்பனும் மகளும் சேர்ந்துகொள்வார்கள், அந்தப் பெண் தன்னை நாலு வார்த்தை நன்றாகத் திட்டுவாள், வாங்கிக்கட்டிக்கொண்டு திரும்பினால் நெஞ்சு கொஞ்சம் இறங்கும். உண்மையைச் சொன்னால், அவள் அந்தத் திட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் போனாள்.

தகரக் கூரை போட்ட வீடு. வாசலில் ஒரு செடிகூட இல்லாமல் வெயில் காய்ந்தது. பொற்கொடி நிலைப்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். அப்பனைப் பார்த்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து கதவில் கை வைத்தாள்.

"ஒரு நிமிஷம்மா. உங்கப்பா பேச வரல, நான்தான் வந்தேன்" என்றாள் மங்கையர்க்கரசி. பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வரிசையெல்லாம் மறந்துபோய், முன்னும் பின்னுமாக, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். உங்கப்பா சாம்பலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மரத்தைக் கொன்றது நான், குஞ்சுகள் செத்தது என்னால், நோட்டீஸ் எழுதி அவர் தலையில் கட்டியதும் நான். சொல்லி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு திட்டுக்காக நின்றாள்.

பொற்கொடி திட்டவில்லை. கதவில் வைத்த கை அப்படியே இருந்தது.

"உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?"

"ஒரு பையன்."

"அவருக்கு?"

"போன மாசம்தான் பேரன் பொறந்தான்."

"நல்லா இருக்கானா?"

மங்கையர்க்கரசி தயங்கினாள். "நல்லா இருக்கான்" என்றாள்.

பொற்கொடி தலையை ஆட்டினாள். பிறகு, கோபமில்லாமல், தெரியாத ஊரில் வழி கேட்பதுபோல் கேட்டாள்: "அப்போ எங்கொழந்த எதுக்கு செத்துச்சு?"

ஒரு வருஷமாக அந்தப் பெண்ணிடம் ஒரு காரணம் இருந்தது. தப்பான காரணம், பெற்ற தகப்பனையே வெளியே நிறுத்திய காரணம், ஆனாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நடமாட அது போதுமானதாக இருந்தது. தன் பாரத்தை இறக்கி வைக்க வந்த இடத்தில் அவளிடமிருந்த அந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டுவிட்டோம் என்று மங்கையர்க்கரசிக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். எதற்கென்று கேட்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

பொற்கொடி கதவிலிருந்து கையை எடுத்தாள். மங்கையர்க்கரசியைத் தாண்டிப் பின்னால் நின்ற அப்பனைப் பார்த்து, "வெயில்ல நிக்காத, உள்ள வாப்பா" என்றாள்.

கன்னியப்பன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, குனிந்து உள்ளே போனார். உள்ளே முறத்தை வைக்கிற சத்தமும், சொம்பில் தண்ணீர் மொள்ளுகிற சத்தமும், அதற்குப் பிறகு வெகுநேரம் கழித்து ஒரு பெண் அழுகிற சத்தமும் கேட்டன. கதவு திறந்தேதான் இருந்தது. மங்கையர்க்கரசியை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை.